லு பக்கமும் லா பக்கமும்

2024 நவம்பர் 9, சனி

மீசை பெண்பால். சேலை ஆண்பால். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர், ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் போய்க் கற்றுக்கொள்ள நான் ஒரு ஆள்.

பிரெஞ்சில் எந்தப் பொருளும் தப்ப முடியாது. ஆணென்றால் முன்னால் லு, பெண்ணென்றால் லா. நாற்காலி லா. கட்டில் லு. நம்மிடம் நாற்காலியும் அது, கட்டிலும் அது. அதோடு கதை முடிந்தது. ஏன் இப்படி என்று சசிரேகா டீச்சரிடம் கேட்டேன். புதுச்சேரிக்காரர், பொறுமைசாலி. “காரணம் கேக்காதீங்க பென்னி. பேரோட சேத்தே மனப்பாடம் பண்ணுங்க” என்றார். கூடப் படிக்கும் காலேஜ் பிள்ளைகள் என்னை அங்கிள் என்கிறார்கள். முப்பத்து நாலு வயசில் அங்கிள்!

பிப்ரவரியில் பரீட்சை.

நவம்பர் 12, செவ்வாய்

இதை எழுதுவது எஸ்டேட்டின் பழைய செக்ரோலில், அதாவது ஆள் வருகைப் பதிவேட்டில். மிச்சமிருந்த வெற்றுப் பக்கங்கள். ரைட்டர் வேலைக்கு இது ஒன்றுதான் லாபம். இடது பக்கம் பெண் ஆள், வலது பக்கம் ஆண் ஆள் என்று கோடு போட்டிருக்கிறது. தினமும் காலையில் யார் வந்தார், யார் வரவில்லை என்று பிரித்து எழுதுபவன் நான். எனக்கே ஆண் எது பெண் எது என்று தெரியவில்லை.

காப்பி பழம் பறிக்கும் இடத்தில் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டு நின்றேன். பழனியம்மாள் விடவில்லை. என்ன என்று சொல்லவைத்துவிட்டு, “ஏனுங்க ரைட்டரு, மீசை பொம்பளைன்னா எங்க ஊட்டுக்காரரு மூஞ்சியில இத்தன வருசமா குடியிருக்கிறது யாருங்க?” என்றார். வரிசை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அப்புறம் பின்னாலிருந்து ஒரு குரல்: “பொண்டாட்டி பின்னால போறதுக்கு என்னென்ன படிக்க வேண்டியிருக்குது பாருங்க.” அதற்குச் சிரிக்க வரவில்லை.

நவம்பர் 13, புதன்

நேற்றைய வார்த்தை இன்னும் உறுத்துகிறது. சரி, எழுதியே விடுகிறேன்.

என் மனைவி ஸ்டெஃபி பிரான்சில் சிஸ்டர்மார் நடத்தும் முதியோர் இல்லத்தில் நர்ஸ் உதவியாளர். போன வருடம் ஜனவரியில் போனாள். அவள் கிளம்பின அன்று நான், “போறதுன்னா போ” என்று சொல்லிவிட்டு மிளகு எடைக்குப் போய்விட்டேன். அப்பாதான் பெங்களூர் வரை கூடப் போய் விமானம் ஏற்றிவிட்டார். அதைப்பற்றி அவள் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம்.

இப்போது அந்த இல்லத்துச் சமையற்கட்டில் ஒரு இடம் காலி. இரண்டாம் படிப் பரீட்சை தேறினால் என்னை எடுத்துக்கொள்வார்கள். விவரத்தை போனில் வாசித்தாள், பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பு வாசிப்பதைப்போல. கடைசியில், “உங்களுக்கு இஷ்டம்னா பாருங்க” என்றாள்.

எனக்கு இஷ்டம். அவளுக்கு?

நவம்பர் 17, ஞாயிறு

வழி கிடைத்துவிட்டது. பூசையில் கிடைத்தது, ஆண்டவருக்கு நன்றி.

எங்கள் கோவிலில் உள்ளே நுழைந்தால் இடப்பக்க பெஞ்சுகள் பெண்களுக்கு, வலப்பக்கம் ஆண்களுக்கு. நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான். யார் எந்த பெஞ்ச் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆகவே வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டுபோய் உட்காரவைத்தேன். லா நாற்காலி, லா மேசை, லா சாவி எல்லாம் இடப்பக்கம். மீசை முக்காடு போட்டு அம்மாவுக்குப் பக்கத்தில். வலப்பக்கம் தூணோரம் அப்பா. அவரையொட்டி காப்பியும் மிளகும், இரண்டும் லு. பின்னால் சேலை, கைகட்டிக்கொண்டு பவ்யமாக. பிரசங்கம் முடிவதற்குள் நாற்பது வார்த்தை உட்கார்ந்துவிட்டது.

மூடுபனிதான் தகராறு. இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்று லு, ஒன்று லா. அதை நடுப்பாதையில் நிற்கவைத்திருக்கிறேன்.

நவம்பர் 23, சனி

வகுப்பில் முப்பதுக்கு இருபத்தெட்டு. அங்கிள் முதலிடம்.

நவம்பர் 29, வெள்ளி

சாயங்காலம் ஸ்டெஃபி கூப்பிட்டாள். அவளுக்கு மதியச் சாப்பாட்டு இடைவேளை. சிக்னலுக்காக சில்வர் ஓக் மரத்தடியில் நின்று பேசினேன். பெருமைக்காக நாலு வாக்கியம் பிரெஞ்சில் விட்டேன். வைத்தபிறகு புத்தகத்தைப் பார்த்தால் மூன்று தப்பு. அவள் திருத்தவில்லை. “நல்லா இருக்குதுங்க” என்றாள்.

போன வாரமும் திருத்தவில்லை. அக்கறை இருந்தால் திருத்தமாட்டாளா? நான்தான் குற்றம் தேடுகிறேனோ?

டிசம்பர் 1, ஞாயிறு

குடி கெட்டது. புது பங்குச் சாமியார் பூசை முடியும்போது அறிவித்தார்: அடுத்த வாரத்திலிருந்து ஆண் பக்கம், பெண் பக்கம் கிடையாது. கணவன், மனைவி, பிள்ளைகள் குடும்பமாகச் சேர்ந்து உட்கார வேண்டும்.

அப்பா வீடு வரைக்கும் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். வந்ததும், “நாப்பது வருசமா தூணோரம் ஒக்காந்தவன்டா நானு. இப்பப் போயி ஒங்கம்மா பக்கத்துல ஒக்காந்தா சனம் என்னன்னு பேசும்?” என்றார். அம்மா, “நானென்ன வந்து ஒக்காருங்கன்னு கூப்ட்டனா?” என்று உள்ளே போய்விட்டார். அவர் பெயர் ஜெயகுமாரி. கோபம் வந்தால் அப்பா மட்டும் முழுப்பெயர் சொல்லுவார். இன்று சொல்லவில்லை. வெட்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

எல்லாரும் மாறி உட்கார்ந்திருந்தார்கள். அம்மா இருந்த இடத்தில் யாரோ ஒரு அண்ணன். தூணோரம் கைக்குழந்தையோடு ஒரு பெண். என் நாற்காலி, மேசை, சாவி எல்லாம் எழுந்து கலைந்துபோயின. எது எங்கே போனதென்று தெரியவில்லை.

அது போகட்டும். நான் எங்கே உட்காருவது? ஆண்கள் பக்கம் என்று ஒன்று இருந்தவரை எல்லா ஆண்களும் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். என்னையும் சேர்த்து. ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை. இன்று அப்பாவும் அம்மாவும் நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். அதில் போய் உட்கார நான் என்ன ஸ்கூல் பையனா.

வாசலில் நின்றுவிட்டேன்.

டிசம்பர் 14, சனி

முப்பதுக்கு பதினொன்று. சாவியை லு என்றேன். டீச்சர், “என்ன ஆச்சு பென்னி?” என்றார். “பெஞ்ச மாத்திட்டாங்க மேடம்” என்றேன். அவருக்கு என்ன புரியும்.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ். காணிக்கைப் பை எடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பை பிடிக்கிறவன் வாசலில் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது.

ஸ்டெஃபி, “பூசை நல்லா நடந்துச்சுங்களா, எல்லாரும் வந்தாங்களா?” என்று கேட்டாள். எல்லாரும் வந்தார்கள் என்றேன். பெஞ்ச் மாறியதைச் சொல்லவில்லை. சொன்னால் நான் எங்கே உட்கார்கிறேன் என்று கேட்பாள்.

2025 ஜனவரி 19, ஞாயிறு

பழைய கோவிலை மனசுக்குள் மறுபடி கட்டிப் பார்க்கிறேன். நிற்கவில்லை. சேலையைத் தேடினால் அம்மா பக்கத்தில் அப்பா தெரிகிறார். இருவருக்கும் நடுவில் இருந்த இடம் வாராவாரம் குறைந்துகொண்டே வருகிறது. பாட்டுப் புத்தகம் ஒன்றுதான் வைத்திருந்தார்கள் இன்று. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. பெற்றவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிற பிள்ளை உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பிப்ரவரி 22, சனி

கோயம்புத்தூரில் பரீட்சை. எழுத்து பரவாயில்லை. லு, லா தெரியாத இடத்தில் கையெழுத்தைக் கிறுக்கலாக்கினேன்.

பேச்சுப் பரீட்சை. எதிரில் ஒரு அம்மா, வெள்ளை முடி, நல்ல சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள் என்றார். கோவிலுக்குப் போவேன் என்றேன். சரியாகவே சொன்னேன். யாரோடு என்றார்.

யாரோடு?

வார்த்தை தெரியாமல் இல்லை. என் அப்பா, என் அம்மா, என் மனைவி, மூன்றும் முதல் வாரத்துப் பாடம். எதைச் சொன்னாலும் பொய்யாகப் படுகிறது. பொய் சொன்னால்தான் என்ன, அந்தம்மா ஏற்காடு வந்தா பாக்கப் போறாங்க? வாய் வரல. ஒண்ணுமே வரல. அவர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அதற்குப் பிறகு நான் பேசியது எதுவும் எனக்கே கேட்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

முடிவு வந்தது. நூற்றுக்கு நாற்பத்தேழு. தேற ஐம்பது வேண்டும்.

மார்ச் 28, வெள்ளி

ஸ்டெஃபி கூப்பிட்டாள். ஒரு மாத லீவில் ஏப்ரலில் வருகிறாளாம். முடிவு வந்ததா என்று கேட்பாள் என்று பயந்தபடியே பேசினேன். கேட்கவில்லை. கேட்காதது நிம்மதியா, வருத்தமா? ஒரு மனுசனுக்கு ஒரே நேரத்தில் இரண்டும் வருமா?

ஏப்ரல் 9, புதன்

வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள், முடியைக் குறைத்திருக்கிறாள். அம்மாவுக்கு சால்வை, அப்பாவுக்கு ஸ்வெட்டர், எனக்கு சமையல்காரர்கள் கட்டும் வெள்ளை ஏப்ரன். விரித்துப் பார்த்து மடித்து வைத்தேன். “நல்லா இருக்குது” என்றேன். பரீட்சையைப்பற்றி அவள் பேச்செடுக்கவில்லை. நானும்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஓலை பிடித்து ஊர்வலம் வந்தோம். ஸ்டெஃபி பெண்களோடு முன்னால் நடந்தாள். உள்ளே நுழைந்ததும் பழைய பழக்கத்தில் நேராக இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சுக்குப் போய் முக்காட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்தாள். சுற்றிலும் குடும்பம் குடும்பமாக வந்து நிறைந்தார்கள். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு ஆள் இடம் அப்படியே இருந்தது. யாரும் உட்காரவில்லை. ஊருக்கே தெரிந்திருக்கிறது அது யார் இடமென்று.

காணிக்கைப் பையை, கூடப் பை எடுக்கும் ஜெப்சன் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். 

“என்னங்க, இது பொம்பளைங்க பக்கம்” என்றாள்.

“மாத்தி நாலு மாசம் ஆச்சு.”

“சொல்லவே இல்லீங்களே. இத்தன நாளா நீங்க எங்க ஒக்காந்தீங்க?”

“வாசல்ல நின்னேன்.”

என்னைப் பார்த்தாள். பிறகு பீடத்தைப் பார்த்தாள். இயேசுவின் பாடுகளின் வாசகம் முழுவதும் நின்றே கேட்கவேண்டும், நொம்ப நேரம். அது முடிந்து உட்கார்ந்ததும் நானே, “பரீட்சைல போயிருச்சு ஸ்டெஃபி” என்றேன்.

“தெரியுமுங்க. பாஸாயிருந்தா அன்னைக்கே போன் பண்ணியிருப்பீங்க.” கூடவே சொன்னாள்: “செப்டம்பர் வரைக்கும் வேற ஆள எடுக்காதீங்கன்னு சிஸ்டர்கிட்ட கேட்டு வெச்சிட்டுத்தான் வந்தேன்.”

ஏன் ஒருநாளும் திருத்தவில்லை என்று கேட்டேன். கோவிலில் கேட்கிற கேள்வியா அது. ஆனாலும் கேட்டேன்.

“நீங்க பேசறதே அஞ்சு நிமிசம். அதுலயும் தப்பு புடிச்சா போன வெச்சிருவீங்கன்னு பயம். நானென்ன மனப்பாடம் பண்ணியா பேசறேன்? மொத மாசம் பூரா அங்கத்த கெழவிங்க சிரிச்சாங்க. சிரிக்கட்டும்னு பேசினேன்.”

அவள் அங்கே தனியாக நின்று சிரிப்பு வாங்கின அந்த முதல் மாதத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? வீம்பில் போனை எடுக்காமல் இருந்தேன். இதை அவளிடம் சொன்னேன். “சாமியாரு எந்திரிக்கச் சொல்றாரு, எந்திரிங்க” என்றாள். எழுந்து நின்றோம்.

ஏப்ரல் 30, புதன்

ஜூனில் மறுபரீட்சைக்குப் பெயர் கொடுத்தாயிற்று. ஸ்டெஃபி வீடு முழுக்கப் பிரெஞ்சில் திட்டுகிறாள், தப்புக்குத் தப்பு திருத்துகிறாள். இதற்கா ஏங்கினேன் என்று இருக்கிறது. மூடுபனி மட்டும் இன்னும் நடுப்பாதையில்தான் நிற்கிறது. நிற்கட்டும்.

மே 10, சனி

பெங்களூர் விமான நிலையம். பெட்டியை நான்தான் தள்ளினேன். வரிசை நகரும்வரை ரெண்டு பேரும் மிளகு விலையையும் அப்பாவின் முழங்கால் வலியையும் பேசினோம். உள்ளே போகுமுன் அவள், “போன தடவ இந்தத் தூண்கிட்ட மாமா நின்னாருங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இரண்டு வருடத்தில் முதல் தடவை. மன்னித்துக்கொள் என்றேன். பிரெஞ்சில் சொன்னேன், தமிழில் வாய் வரவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். நான் அந்தத் தூணோரமே நின்றேன். கார் ஓட்டிவந்த சந்திரசேகர், “போலாமுங்களா? டிராஃபிக் சேந்துரும்” என்றார்.

“இருங்க” என்றேன். “இன்னும் ஏரோப்ளேன் கெளம்பல.”