பொழுதோடு கிளம்பியவர்

அக்கா,

மேசை மேல் நகல் எடுத்த தாள்கள் கிடக்கின்றன. நகல் கடை மையின் வாடை இன்னும் போகவில்லை. உங்களைப் பற்றி நான் எழுதிய கட்டுரைதான். ஒவ்வோர் ஆண்டும் புது வகுப்பு தொடங்கும்போது இதைத்தான் முதலில் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன். பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் இதழியல் சொல்லித் தருகிறேன். நடந்ததைக் கதை போல எழுதுவது, ஆனால் கதை விடாமல் எழுதுவது என்று என் பாடத்தை விளக்குவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த ஒரே சிரிப்பை வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

இந்த முறை ஒரு தாள் மட்டும் என்னிடம் திரும்பி வந்தது. உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வளர்ந்த ரூத் என்ற பெண், முதல் பத்தியில் ஒரே ஒரு சொல்லின் கீழே பென்சிலால் கோடு போட்டுக் கொண்டுவந்தாள்.

"சார், இந்த அக்கா, 'அன்னைக்கு அவுக பொழுதோடயே கிளம்பிட்டாக'ன்னு சொல்லுறாக. நீங்க அடுத்த வரியிலயே சாயங்காலம்னு எழுதியிருக்கீங்க. எங்க பக்கம் பொழுதோடன்னா காலையில நேரத்தோட, வெள்ளனன்னு அர்த்தம் சார்."

"எங்கூர்ல பொழுதோடன்னா சாயங்காலந்தான் கண்ணு" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அந்த வார்த்தையைச் சொன்னது எங்கள் பெருமாட்டி ஊர்க்காரர் யாரும் இல்லையே. நீங்கள் அல்லவா?

வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். மூணாறு பக்கம் பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே, தேயிலைத் தோட்டக் குடியிருப்பான உங்கள் லயத்துக்கு வந்த நாட்களின் நோட்டு. தேயிலைச் சாயம் பட்ட பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. உங்களிடம் நான் எத்தனை கேள்வி கேட்டிருக்கிறேன்! காலையில் பேர் கூப்பிடும் பிரட்டு என்றால் என்ன, கொழுந்து கிள்ளும்போது இடுப்பில் கட்டும் படங்கை எப்படி மடிப்பது, எல்லாம் கேட்டிருக்கிறேன். நீங்களும் எழுந்து நின்று படங்கைக் கட்டிக் காட்டினீர்கள். தெரியாத சொல்லை எல்லாம் துருவித் துருவிக் கேட்டவன், தெரிந்த சொல் என்று நினைத்ததை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அதைவிட மோசமான ஒன்றும் அந்த நோட்டில் இருந்தது. முதல் நாள் விடைபெறும்போது, "நாளைக்குப் பொழுதோட வாரனுங்க அக்கா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து நின்றேன். நீங்கள் வேலைக்குப் போகாமல் விடிந்ததிலிருந்து காத்திருந்தீர்கள். பால் விடாத கட்டஞ்சாயா மூன்று தடவை சுடவைத்துக் கறுத்துப்போயிருந்தது. அதை ஊற்றிக் கொடுத்தபடியே சொன்னீர்கள்: "நல்ல ஆளுதான் தம்பி நீங்க. பொழுதோட வாரேன்னுட்டுப் பொழுது சாஞ்சுல்ல வாரீக!"

கேலி என்று நினைத்து நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த வரியை அப்படியே எழுதிவைத்து, ஓரத்தில் "நல்ல வரி" என்று குறித்தும் இருக்கிறேன். என் தவறுக்கான விளக்கத்தை நீங்கள் என் கையில் கொடுத்திருக்கிறீர்கள். நான் அதற்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

அன்று சாயாவைக் குடித்துவிட்டு உங்கள் கணவரை, அண்ணனைப் பற்றிக் கேட்டேன். இரண்டு நாள் விடாத மழை, பிரட்டு இல்லை, லயத்தில் யாரும் கதவைத் திறக்கவில்லை என்றீர்கள். லயத்துக்கு மேலே தண்ணீர் ஓடும் சால் அடைத்துக்கொண்டால் எல்லா வீட்டுக்குள்ளும் சேறு வந்துவிடும் என்று அண்ணன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பொழுதோடு கிளம்பினார். திரும்பவில்லை. மேல் லயத்தில் அவருடைய அண்ணன் வீட்டில் தங்கிவிட்டார் என்று நீங்கள் இருந்துவிட்டீர்கள். மறுநாள்தான் மண் சரிந்தது தெரிந்தது. பாதை பிரியும் இடத்துக்குக் கீழே அவரை எடுத்தார்கள். மண்வெட்டி கடைசிவரை கிடைக்கவில்லை.

அந்த இடத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மேலே சாலுக்கு. இன்னொன்று கீழே பஜாருக்கு, பஜாரில் சாராயக் கடைக்கு. அண்ணன் எப்போதோ குடியை விட்டவர். இனித் தொடமாட்டேன் என்று வேதக்கோயிலில் சபை முன்னால் எழுந்து நின்று சாட்சி சொன்னவர். அதையும் நீங்கள் சொன்னீர்கள். நீளம் கருதி அதையும், அவர் மண்வெட்டி எடுத்துப் போனதையும் வெட்டிவிட்டேன்.

வெட்டின இடத்தில் அழகுக்கு ஒன்றைச் சேர்த்தேன். "மாலை மங்கியது. கீழே பஜார் விளக்குகள் மழையில் கலங்கித் தெரிந்தன. அவர் பாதையில் இறங்கினார்." அந்த விளக்குகளை நான் பார்த்தது உண்மை. சாயா குடித்துவிட்டு அந்தத் திருப்பத்தில் நின்று பார்த்தேன். நான் பார்த்த வெளிச்சத்தை அண்ணன் கண்ணில் வைத்துவிட்டேன். காட்சியாக எழுது, வாசகனைக் கையைப் பிடித்து அழைத்துப் போ என்று இன்றைக்கும் வகுப்பில் சொல்கிறேனே, அதைத்தான் செய்தேன். ஓர் இலக்கியக் கூட்டத்தில் அந்த மூன்று வரியை வாசித்துக் காட்டிக் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கட்டுரை அச்சான இதழ் வந்த வாரம் நீங்கள் போன் செய்தீர்கள். நான் பேருந்தில் இருந்தேன். "தம்பி, மக வாசிச்சுக் காட்டுனா. எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கீக. அந்த நேரம் மட்டும்…" என்றீர்கள். நீங்கள் அழப்போகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு, "அந்த நேரம் எத்தன கஷ்டப்பட்டிருப்பீங்க, எனக்குத் தெரியாதுங்களா அக்கா?" என்றேன். பிறகு, "சரி தம்பி, வச்சுருதேன்" என்றீர்கள். அதற்குமேல் நீங்கள் அழைக்கவில்லை. நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி ஐந்து ஆண்டுக்கு முன் வந்தபோது, விடைத்தாள் திருத்தும் வேலை இருக்கிறது என்று நான் வரவும் இல்லை.

நோட்டை மூடிவைத்துவிட்டு உங்கள் மகளுக்குப் போன் செய்தேன். இரண்டு முறை எடுத்து எடுத்து வைத்த பிறகுதான் துணிவு வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"லயத்துல எல்லாரும் வாசிச்சாக அண்ணே. சாயங்காலம் பஜார்ப் பக்கம் எறங்குனா எதுக்குன்னு அங்க பச்சப்புள்ளைக்கும் தெரியும். 'கடைசியில பழைய வழிக்கே போயிட்டாரா'ன்னு கோயில்லயே வச்சு அம்மாகிட்ட கேட்டாக. வெள்ளனத்தான் போனாகன்னு அம்மா சொல்லத்தான் செஞ்சுச்சு. அச்சுல வந்தது பொய்யான்னு கேட்டா என்ன சொல்லும்? முதல் பெஞ்சுல உக்காருற ஆளு. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் கடைசி பெஞ்சுதான்."

அவளே தொடர்ந்தாள்.

"ஆனா அம்மா உங்கள ஒரு வார்த்த வைய விடாது அண்ணே. நான் ஒருநா கத்துனேன், ஏன் இந்தாளு பொய் எழுதுனாருன்னு. 'பொய் எழுதல புள்ள. பொழுதோட வாரேன்னுட்டு அந்தத் தம்பி எப்ப வந்தாருன்னு நெனச்சுப் பாரு. அது அவுக ஊருப் பொழுது'ன்னு சொல்லுச்சு."

அக்கா, கேட்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஆறிப்போன சாயாவை வைத்துக்கொண்டு நீங்கள் கண்டுபிடித்ததை எனக்கு ஒரு மாணவி பென்சிலால் காட்ட வேண்டியிருக்கிறது. கண்டுபிடித்த பிறகும், எனக்குக் கூச்சமாக இருக்கும் என்றுதானே இன்னொரு முறை அழைக்காமல் இருந்தீர்கள்? இரண்டு வசவு வைதிருக்கலாம். எனக்கு அழுகை வருகிறது. இந்த வயதில் மேசையில் உட்கார்ந்து அழுதால் வீட்டில் என்ன ஏது என்று கேட்பார்கள் என்பதால் முகத்தைக் கழுவிவிட்டு வந்து எழுதுகிறேன்.

சாயங்காலங்கள் எனக்கு ஆகவில்லை இப்போது. எங்கள் தென்னந்தோப்புக்கு மேலே வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் யாரோ ஈரமண்ணில் இறங்கும் சத்தம் கேட்கிறது. இந்தத் தாள்கள் நகல் எடுக்கப்பட்ட ஒவ்வோர் ஆண்டும், வாசித்த ஒவ்வொரு பிள்ளையின் கண் முன்னாலும், அண்ணன் மண்வெட்டி இல்லாமல் பஜாருக்கு இறங்கிப் போயிருக்கிறார். அத்தனை தடவையும் அனுப்பிவைத்தவன் நான்தான். எதிரே போய் நிறுத்த வேண்டும் போல இருக்கிறது. அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. நின்றால் எப்படி அடையாளம் தெரியும்?

திருத்தம் எழுதி இதழுக்கு அனுப்பிவிட்டேன். ஏதோ ஒரு மூலையில் போடுவார்கள், உங்கள் லயத்தில் அது யார் கண்ணிலும் படாது. ஆகையால் உங்கள் மகளிடம் ஒன்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபை முன்னால் எழுந்து நின்று சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் வாங்கித் தர முடியுமா என்று. அண்ணன் சாட்சி சொன்ன அதே இடத்தில். போதகர் ஐயரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாள். நேற்று அழைத்தாள். சம்மதித்துவிட்டாராம்.

சனிக்கிழமையே வந்து மூணாறில் தங்கப்போகிறேன். ஆராதனைக்கு முன்னால், அந்தத் திருப்பம் வரைக்கும் போய், மேலே சாலுக்குப் போகிற பாதையில் ஒரு தடவை ஏற வேண்டும். கூட வருகிறேன் என்றாள் உங்கள் மகள். "எப்ப வாரீக அண்ணே?" என்று கேட்டாள்.

பழக்கதோஷம், வாய் திறந்துவிட்டது. பொழுதோட என்று நாக்கு நுனிவரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு சொன்னேன்:

"காலையில ஆறு மணிக்குங்க."