பின்சீட்டுக்காரர்

மார்ச் 3, செவ்வாய்

ராக் வந்துவிட்டது. காருக்குப் பின்னால் சைக்கிளை மாட்டிக்கொண்டு போகிற இரும்புச் சட்டம். கொண்டுவந்த ஆள் பெட்டியை வாசல் நடையில் இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனார். என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வருவதற்குள் எங்காவது தள்ளி மறைத்துவிடலாம் என்று பார்த்தேன். நகரவே இல்லை.

வந்ததும் பெட்டியின் கைப்பிடி ஓட்டைக்குள் இரண்டு விரலை விட்டுத் தடவினார். இருபது வருடம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த விரல். "சைக்கிள் ராக். இந்த வீட்ல யாரு சைக்கிள் ஓட்டுறா?" என்றார். மறைத்து என்ன பயன்? சொல்லிவிட்டேன். இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கிற சைக்கிள் ஒன்றைப் பழசாக வாங்கி என் அண்ணன் வீட்டில் போட்டு வைத்திருப்பதை. முன்னால் நான், பின்னால் அவர். ஏரிச் சாலைக்குக் கொண்டுபோகத்தான் இந்த ராக்.

"மூட்டை மாதிரி பின்னால உட்கார நான் வரல."

அதோடு சரி.

பார்வை மங்கத் தொடங்கியதும் வேலையைப் புகார் கேட்கிற ஃபோன் மேசைக்கு மாற்றினார்கள், தாங்கிக்கொண்டார். கண் ஓரத்திலிருந்து மூடிக்கொண்டே வந்து, குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி ஆகி, இப்போது அந்தக் குழாய்க்குள்ளும் புகை. கார்ச் சாவியை யாரும் கேட்காமலே என் கையில் கொடுத்தார். ஆனால் தன் சைக்கிளை விற்ற பிறகுதான் மனுஷர் மாறிப்போனார். ஞாயிறு தவறாமல் ஏரியைச் சுற்றி வந்தவர், இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வெயில் ஏறும் வரை சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

கேட்காமல் வாங்கியது தப்புதானோ? கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார்.

மார்ச் 5, வியாழன்

பெட்டி இன்னும் நடையில்தான். நானும் இடித்துக்கொண்டேன், மகளும் இடித்துக்கொண்டாள். அவர் மட்டும் ஒரு தடவைகூட இடிக்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

நானும் வக்கீலும் பெட்டியைப் பிரித்தோம். (வக்கீல் எங்கள் மகள்தான். பல் தேய்க்கச் சொன்னால்கூட எதிர்வாதம் வைப்பாள், அதனால் அந்தப் பெயர். வயது பதினைந்து.)

இந்தக் காருக்கு முந்தைய சொந்தக்காரர் இதில் படகைக் கட்டி இழுத்தவர். பின் பம்பருக்கு அடியில் அதற்கான சதுரக் குழாய் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ராக்கின் தண்டை அதற்குள் செருக வேண்டும். இரண்டிலும் இருக்கிற துளைகள் ஒன்றுக்கொன்று நேராக வந்ததும் குறுக்கே ஒரு கம்பியைப் போட்டுப் பூட்ட வேண்டும். அவ்வளவுதானாம். விளக்கப் படத்தில் ஒருத்தன் சிரித்துக்கொண்டே ஒற்றைக் கையால் செய்கிறான். எங்களுக்குப் பாதி வரைதான் போனது. நான் தூக்கிப் பிடிக்க, வக்கீல் தள்ள, பிறகு மாற்றிப் பிடிக்க, கடைசியில் என் பெருவிரல் நசுங்கியதுதான் மிச்சம். நாளைக்கு லேபில் இந்த விரலை வைத்துக்கொண்டு எத்தனை பேருக்கு ரத்தம் எடுக்கணும்.

அவர் ஜன்னலை ஒட்டி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இறங்கி வரவில்லை. எனக்கு எரிச்சல்.

சாப்பிடும்போது, தட்டிலிருந்து முகத்தை எடுக்காமலே, "குழாய்க்குள்ள துரு இருக்கும். கம்பி பிரஷ் போடாம ஏறாது" என்றார்.

மார்ச் 15, ஞாயிறு

பிரஷ் போட்டுக்கொண்டிருந்தேன். செருப்புச் சத்தம் கேட்டது. "நீ தேய்க்கிற சத்தம் பல்லைக் கூச வைக்குது" என்று சொல்லிக்கொண்டே தரையில் துண்டை விரித்துக் காருக்கு அடியில் படுத்துவிட்டார். குழாய்க்குள் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்து, துரு கட்டிப்போயிருந்த இடத்தை மட்டும் தேய்த்தார். தூசி முகமெல்லாம் கொட்டியது. பிறகு நாங்கள் இருவரும் தண்டைத் தூக்கிப் பிடிக்க, அவர் துளையில் சுண்டுவிரலை வைத்துக்கொண்டு, தள்ளு, இன்னும், நிறுத்து என்றார். கம்பி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. வக்கீல் கை தட்டினாள்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆட்டம் நிற்க ஒரு போல்ட்டை இறுக்க வேண்டும், ஸ்பேனருக்காகத் தரையைத் துழாவினார். நான் எடுத்துக் கையில் வைத்தேன். அதைக் கீழே போட்டுவிட்டார்.

"தேடுறேன்ல. தேட விடு."

கோபமாகச் சொல்லவில்லை. சத்தம்கூட உயரவில்லை. அவர் கை தரையில் ஊர்ந்து, என் கால், எண்ணெய் டப்பா, வக்கீலின் செருப்பு எல்லாவற்றையும் தாண்டி ஸ்பேனரை எடுக்கும் வரை நாங்கள் இருவரும் இருந்த இடத்திலேயே காத்திருந்தோம்.

எத்தனை நாளாக இப்படிச் செய்துகொண்டிருக்கிறேன் — தண்ணீர் டம்ளர், சட்டை, ரிமோட், எல்லாம் அவர் கை நீளுவதற்கு முன்னால்? உதவி என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் காரைப் பின்னால் எடுத்தால் ஓயாமல் பீப் சத்தம். ராக்கைச் சுவர் என்று நினைத்துக்கொண்டது கார். அவர் சிரித்தார். சின்னச் சிரிப்புதான்.

மார்ச் 21, சனி

மாட்டிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தோடு சைக்கிளை விட்டவள் நான். அதனால் போன சனியும் இன்றும், கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அண்ணன் வீட்டுத் தெருவில் வக்கீலைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பழகினேன். திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் மூக்கைச் சுளித்தார். "கடையில சங்கிலி கிரீஸ் விக்கிறாங்களா?"

அப்புறம் நிதானமாகச் சொன்னார். "நீ சைக்கிள் ஓட்டி நான் பார்த்ததே இல்ல. இனிமே பார்க்கவும் முடியாது. எதை நம்பி உட்காரச் சொல்ற?"

நியாயம்தானே. எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல. வளைவு வந்தா ஹேண்டில் எங்கேயோ போகுது. பின்னாடி வக்கீல் இருக்கிறப்பவே இப்படி. அவர் கனம் வேற. கீழ போட்டுட்டேன்னா? கண்ணு போன மனுஷனைக் கையைக் காலை உடைச்சுக் கொண்டுவந்து படுக்க வச்சேன்னு ஆயிட்டா? வித்துடலாம். ராக்கையும் சேர்த்து வித்துடலாம்.

மார்ச் 22, ஞாயிறு

யாரும் எங்கும் போகவில்லை.

மார்ச் 26, வியாழன்

ஞாயிறு ஏரிக்குப் போகலாம் என்று வக்கீலிடம் அவரே சொல்லியிருக்கிறார். என்னிடம் வந்து விளக்கம் வேறு: "புதுசா மாட்டின ராக். ரோட்ல எப்படி இருக்குன்னு கேக்கணும். அதுக்குத்தான் வர்றேன். ஏறுறதுக்கு இல்ல."

மார்ச் 29, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

சைக்கிள் காரின் அகலத்தை விட நீளம். முன்சக்கரத்தைக் கழற்றினால்தான் ராக்கில் அடங்குகிறது. அண்ணன் தூக்கிக் கொடுத்தார், இவர் பட்டைகளை இறுக்கினார். சைக்கிள் கார் நம்பரை மறைக்கிறது, அதனால் நம்பரும் சிவப்பு விளக்கும் உள்ள பலகை ஒன்றைப் பின்னால் கட்டியாக வேண்டும் என்று வக்கீல் சட்டம் பேசிக் கட்டினாள். வழியில் பெரிய பாலம் தாண்டியதும், நிறுத்து என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இறங்கிப் பார்த்தால் பின்சக்கரத்துப் பட்டை அவிழ்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் சைக்கிள் ரோட்டில் கிடந்திருக்கும், பின்னால் வருகிறவர்கள் கதி என்ன ஆகியிருக்குமோ.

ஏரிச் சாலையில் அவர் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நானும் வக்கீலும் கிளம்பினோம். போகும்போது சரியாகத்தான் போனோம். திரும்பும் வளைவில் நாய் ஒன்று குறுக்கே வந்தது, நான் பிரேக்கை இறுக்கிவிட்டேன். இருவரும் புல்லில் விழுந்தோம். சைக்கிள் எங்கள்மேல்.

தலையைத் தூக்கினால் அவர் வந்துகொண்டிருந்தார். கைத்தடியைக் காரிலேயே விட்டுவிட்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, நடு ரோட்டில், ஏறக்குறைய ஓட்டமாக. அவரை அந்த வேகத்தில் நான் பார்த்து எத்தனையோ நாள் ஆகிறது. "ஒண்ணும் ஆகல, நில்லுங்க, நாங்க வர்றோம்" என்று கத்தினேன். நிற்கவில்லை. என் குரலைப் பிடித்துக்கொண்டே வந்து, முதலில் வக்கீலின் முகம், பிறகு என் முழங்கை, தோள், எல்லாம் தடவிப் பார்த்தார்.

பிறகு சைக்கிளை நிமிர்த்தி ஹேண்டிலைத் தொட்டுப் பார்த்தார். கோணியிருந்தது. பாக்கெட்டில் ஸ்பேனர் வைத்திருந்தார், ராக்குக்காக எடுத்து வந்தது. முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஹேண்டிலை நேராக்கி இறுக்கினார். நான் சும்மா நின்றேன். எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"கியர் மாத்துறப்ப மிதிக்கிறதை நிறுத்திடுற. அங்கேர்ந்தே கேட்டுச்சு. சங்கிலி கத்துது" என்றார். "மத்தபடி பரவால்ல."

பிறகு ஹேண்டிலை ஒரு தட்டுத் தட்டினார். "நேரா இருக்கான்னு ஓட்டிப் பார்த்தாதான் தெரியும். கார் வரைக்கும் போ."

நான் பிடித்துக்கொண்டேன். அவர் பின்சீட்டைத் தடவி, காலைப் போட்டு ஏறினார். "ரெடியா?" என்றேன். "நீதான் சொல்லணும்" என்றார்.

முதல் மிதியிலேயே தெரிந்துவிட்டது. என்ன பலம் அந்தக் காலுக்கு! வக்கீலை வைத்துக்கொண்டு நான் ஒருத்தியே இழுத்த வண்டியை இப்போது யாரோ கீழேயிருந்து தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. வலது பக்கம் தண்ணீர் வெள்ளையாகத் தெரியுது, இரண்டு கொக்கு நிற்குது என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

"அதெல்லாம் தெரியும். நீ ரோட்டைப் பாரு."

கார் வந்தது. நான் பிரேக்கில் கை வைத்தேன். பின்னால் அவர் மிதிப்பதை நிறுத்தவில்லை. காரைத் தாண்டிப் போனோம்.

மார்ச் 30, திங்கள்

தொடை, முதுகு, முழங்கை எல்லாம் வலி. அவருக்கும் வலிக்கிறதாம். காலையிலிருந்து ஆளுக்கு ஆள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

சண்டை. திரும்பும்போது நான் முன்கூட்டிச் சொல்வதில்லை, பள்ளம் வந்தால் சொல்வதில்லை என்று நடு ரோட்டில் இறங்கிவிட்டார். பின்னால் இருந்துகொண்டு கியர் கியர் என்று நச்சரித்தால் நான் எதைத்தான் கவனிப்பது? ஒரு மரத்தடியில் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தோம். பசி வந்ததும் ஏறிக்கொண்டோம்.

மே 3, ஞாயிறு

எனக்கு இன்று லேபில் டூட்டி. காலையில் குளித்துவிட்டு வெளியே வந்தால், ராக் காரில் மாட்டியிருந்தது. வக்கீல் தூங்கிக்கொண்டிருந்தாள், எனக்குப் பதிலாக வருவதாக இருந்த அண்ணன் இன்னும் வரவில்லை. யார் தூக்கிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். ஒரு செங்கலை முட்டுக் கொடுத்தாராம். இப்போது எங்கள் வீட்டிலேயே நிற்கிற சைக்கிளையும் ஏற்றியாயிற்று. நான் ராக்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

அண்ணன் காரை எடுத்துக்கொண்டு அவரையும் கூட்டிப்போனார். சைக்கிளிலும் முன்சீட்டு அண்ணனுக்குத்தான்.

நான் டூட்டி முடிந்து வரும்போது குளித்து, வெயிலில் முகம் கறுத்து, சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். போனார்கள், வந்தார்கள், அண்ணன் வழியெல்லாம் அரசியல் பேசினாராம், ஒரு பறவைச் சத்தம் கேட்க விடவில்லையாம்.

உள்ளே போய் உடை மாற்றிக்கொண்டிருந்தேன். அங்கிருந்தே கேட்டார்.

"அடுத்த ஞாயிறு உனக்கு டூட்டி இல்லையே?"

இல்லை என்றேன்.