குட்னியின் முட்டைக்குக் குல்லா

மே 28, ஞாயிறு

ஹால்வாரின் முட்டை இன்று கொஞ்சம் கூடுதலாக வெந்துவிட்டது. எங்கள் வானிலை நிலையத்தின் தலைவராயிற்றே, அவர் அதைப் பார்த்த பார்வையில் வடதுருவக் கடலின் இந்தக் கரடித்தீவே மூழ்கிவிடும் என்று நினைத்தேன்.

"ஆஸ்லாக், இது முட்டையா, கூழாங்கல்லா?"

கூழாங்கல்லுக்கா உங்கம்மா குல்லா பின்னி அனுப்புனாங்க என்று கேட்டிருக்கலாம். இப்போதுதான் தோன்றுகிறது. நல்ல பதில்கள் எல்லாம் எனக்குப் படுக்கையில்தான் வரும்.

குல்லாவைக் குறை சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவித்த முட்டைக்குக் கம்பளிக் குல்லா போடாத வீடும் ஒரு வீடா? ஆளுக்கொரு நிறம். தலைவருக்குச் சிவப்பு, சமையல்காரி எனக்கு நீலம்.

ஜன்னலுக்கு நேரே, பழைய கொட்டகையை ஒட்டிய பாறைமேல் ஒரு பெரிய வெள்ளைக் கடற்காகம் கூடு கட்டியிருக்கிறது. இரண்டு முட்டை. ஆனால் வீடு தங்குவதில்லை. கொஞ்ச நேரம் உட்காருகிறது, எதையோ மறந்துவிட்டதுபோல் எழுந்து போகிறது. புருஷனும் அதே லட்சணம். என் நாத்தனார் குட்னி அச்சாக இப்படித்தான். அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஊர் சுற்றுவாள். அதனால் பறவைக்கும் குட்னி என்றே பெயர் வைத்தேன்.

மே 31

குட்னி இல்லாத நேரத்தில் இன்னொரு கடற்காகம் வந்து ஒரு முட்டையைக் குடித்துவிட்டது. நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே ஜன்னல் வழியாகக் கத்தினேன். யார் காதில் விழும்?

இரவு உணவின்போது, "பொறுப்பில்லாத கழுதை" என்று குட்னியைத் திட்டினேன். எங்கள் பறவை ஆராய்ச்சிக்காரி இங்குன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அதைத் திட்டாத. அதுக்கு உடம்பு சரியில்லை. போன வாரம் ரத்தம் எடுத்துப் பாத்தேன். பூரா நஞ்சு."

"யாரு வச்சது?"

"தெற்க, ஊர் உலகமெல்லாம் மின்சாரப் பெட்டிக்குள்ள ஊத்துன எண்ணெய். தடை பண்ணி எத்தனையோ வருஷம் ஆச்சு. காத்துலயும் தண்ணியிலயும் இன்னும் இங்க வந்துக்கிட்டே இருக்கு. சின்ன மீன்ல கொஞ்சம், பெரிய மீன்ல நிறைய. எல்லாத்தையும் தின்னுற குட்னி உடம்புல எல்லாருடைய பங்கும். அடைகாக்கணும்ங்கிற நினைப்பே அதுக்குத் தப்பிப்போயிடுது. முட்டைக்குள்ளயும் அதுல கொஞ்சம் போகும்."

இயந்திரம் பார்க்கும் ஓட்மூன், "இந்தத் தீவுல ஒரு மின்விளக்குக்கே நான் உயிரை விடறேன். எண்ணெய் மட்டும் தேடிக்கிட்டு வருதா?" என்றான். எல்லோரும் சிரித்தோம். எனக்குச் சிரித்தபிறகு சரியில்லை. பாவம், அதைக் கழுதை என்றேனே.

ஜூன் 1

இங்குன் இன்று குட்னியின் கூட்டில் சாந்தில் செய்து புள்ளி வரைந்த ஒரு போலி முட்டையை வைத்துவிட்டு வந்தாள். உள்ளே வெப்பமானி. தாய் எவ்வளவு நேரம் உட்காருகிறாள் என்பதை முட்டையின் சூடு காட்டிக்கொடுத்துவிடுமாம். தீவு முழுக்க இப்படிப் பல கூடுகளில் வைத்திருக்கிறாள். நாலு வருஷ உழைப்பு. நஞ்சு ஏற ஏறக் கூடு ஆறிப்போகும் என்பதுதான் அவள் நிரூபிக்க வேண்டியது.

நிரூபிக்கட்டும். ஆனால் ஆறிப்போவது முட்டையல்லவா?

ஜூன் 2

குல்லா போட்டுவிட்டேன்.

ஜூன் 3

நேற்று அதற்குமேல் எழுதக் கை ஓடவில்லை. நடந்தது இதுதான். குட்னி எழுந்து போனாள், வெளியே மூடுபனி, முட்டை அநாதையாகக் கிடந்தது. மேஜை இழுப்பறையில் முதலில் கைக்கு வந்தது சிவப்புக் குல்லா. ஓடினேன். கூட்டில் இரண்டு முட்டை, இரண்டும் ஒரே பழுப்பு, ஒரே புள்ளி. எது அசல், எது சாந்து? தொட்டுத் தூக்கிப் பார்க்கப் பயம். மறுபடி ஓடிப்போய் என் நீலத்தையும் எடுத்துவந்து, இரண்டுக்கும் போட்டேன். திரும்பும்போது குட்னி வந்து என் மண்டையில் ஒன்று வைத்தாள். நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

இன்று பால் காய்ச்சும் பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனேன். டங் என்று சத்தம் கேட்டது, வலிக்கவில்லை. அவள் வந்ததும் குல்லாவை அலகால் பிடுங்கி வீசுகிறாள். வீசட்டும். அவள் போனதும் நான் மறுபடி போடுவேன்.

ஜூன் 4, ஞாயிறு

தலைவரின் முட்டை குல்லா இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

"என் சிவப்பு எங்க?"

"நாய் தின்னிருக்கும்" என்றேன். வாயில் வந்துவிட்டது! எங்கள் நாய் பாம்சே என்னை ஒரு பார்வை பார்த்தான். நாய்க்கு இவ்வளவு புரியுமா?

ஜூன் 6

ஓட்மூன் இரண்டு நாளாகப் பாம்சேயின் பின்னால் குச்சியோடு அலைகிறான், கம்பளி வெளியே வருகிறதா என்று பார்க்க. பாம்சேக்கு இரண்டு துண்டு கொழுப்பு ரகசியமாகப் போட்டேன்.

குளிர் அதிகம். குல்லாவுக்குப் பக்கத்தில் வெந்நீர்ப் புட்டியையும் சாய்த்துவைக்கிறேன்.

ஜூன் 11, ஞாயிறு

காலை உணவில் இங்குன் பரபரப்பாக வந்தாள். குட்னியின் கூட்டில் சிவப்பு இழையும் நீல இழையும் கண்டெடுத்தாளாம். "மனுஷக் குப்பை இங்க வரைக்கும் வந்துருச்சு பாருங்க! செயற்கை நூலா இருக்கும். எந்தக் கடல்லேர்ந்து மிதந்து வந்துச்சோ!"

காபி எனக்குப் புரையேறிவிட்டது. ஓட்மூன் முதுகில் தட்டினான். தட்டிக்கொண்டே குல்லா இல்லாத தலைவர் முட்டையைப் பார்த்தான், என் முட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சாயங்காலம் சமையலறைக்கு வந்து, பாத்திரத்தில் தாடைக்கு ஒரு வார் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஜூன் 15

மழை. மூன்று தடவை போனேன். சூப் அடிப்பிடித்தது. தலைவர், "இதுவும் நாயோட வேலையா?" என்றார்.

ஜூன் 19

ஐயோ, என்ன செய்து வைத்திருக்கிறேன்!

மாவு எடுக்கப் போனேன். மாவுமூட்டைக்கு நடுவில் இங்குன் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எல்லா வெப்பமானிகளையும் படித்துவிட்டாளாம்.

"தீவுலயே அதிக நஞ்சு குட்னிக்குத்தான். அவ கூடு ஒரு தடவைகூட ஆறவே இல்லை, ஆஸ்லாக்! அவளை மாதிரி அடைகாத்த பறவை நான் பாத்ததே இல்லை. நாலு வருஷமா நான் சொன்னதெல்லாம் தப்பு. வெள்ளிக்கிழமை பேராசிரியருக்கு எழுதியாகணும்."

அவள் மூக்கைத் துடைக்க என் சமையல் மேல்துணியைக் கொடுத்தேன். அதில் சிவப்பு இழை ஒட்டியிருந்தது. நல்லவேளை, கண்ணீரில் அவளுக்குத் தெரியவில்லை.

சொன்னால் என்னைக் கூட்டுப் பக்கமே விடமாட்டாள். குஞ்சு பொரிக்க இன்னும் சில நாள்தான். இப்போது ஆறவிட்டால் எல்லாம் போச்சு. சொல்லாவிட்டால் இந்தப் பெண்ணின் நாலு வருஷம் போச்சு. ஒரு முட்டைக்காக இன்னொருத்தியை வேகவைக்கிறதா? என்னடி ஆஸ்லாக், உனக்கு சூப் வச்சாப் போதாதா?

ஜூன் 20

முட்டைக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. காதை வைத்துக் கேட்டேன். கீச் என்றது. எது அசல் என்று இப்போதுதான் தெரிந்தது — இடது பக்கம். இத்தனை நாள் சாந்துக்குப் போட்ட நீலக் குல்லா முழுக்க வீண். வீண்கூட இல்லை, வினை.

ஜூன் 21

சொல்லிவிட்டேன். பாத்திரத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு இங்குன் முன்னால் போய் நின்று, இரண்டு குல்லாவையும் வெந்நீர்ப் புட்டியையும் மேஜையில் வைத்தேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"அந்தச் சாந்து முட்டைக்குமா குல்லா போட்ட?"

"எது எதுன்னு தெரியலடி..."

"வெந்நீர்ப் புட்டி வேறயா? உனக்கு மூளை இருக்கா? நான் ராத்திரி பூரா அழுதேன்! என் வாழ்க்கையே தப்புன்னு நெனச்சு அழுதேன்!"

கதவை அறைந்துவிட்டுப் போனாள். உடனே திரும்பி வந்தாள். "அந்த இழை?"

"தலைவரோட அம்மா பின்னுனது."

மறுபடியும் அறைந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. அழுகையா, சிரிப்பா என்று தெரியவில்லை. குல்லா இரண்டையும் எடுத்துப் போய்விட்டாள். இனி யாரும் அந்தப் பாறைப் பக்கம் போகக்கூடாது என்று தலைவர் வந்து சொன்னார். சிவப்புக் குல்லா கிடைத்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் துளிகூட இல்லை.

ஜூன் 22

குட்னி மறுபடி கூட்டைவிட்டு எழுந்து போய்விட்டாள். பனி இறங்குகிறது. ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டு ரொட்டி பிசைந்தேன். எனக்கு ஆறிப்போகிறது, ஆறிப்போகிறது என்றே காதில் கேட்கிறது.

ஜூன் 23

பால் பாத்திரத்தைக் காணோம். வெந்நீர்ப் புட்டியையும் காணோம்.

திரையை விலக்கிப் பார்த்தேன். மூடுபனிக்குள் பாறைமேல் ஒரு உருவம், தலையில் பாத்திரம். டங் என்று சத்தம் இங்குவரை கேட்டது. இங்குன் உள்ளே வந்து காலுறையைக் கழற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"குட்னி கூட்டை என் ஆராய்ச்சியிலேர்ந்து எடுத்தாச்சு. எடுத்துட்டா அது வெறும் கூடு. வெறும் கூட்டுக்கு யார் வேணா குல்லா போடலாம். பேராசிரியர்கிட்டயும் சொல்லிட்டேன். ரொம்ப நேரம் சிரிச்சார்."

ரொட்டியின் ஓரத்துண்டு அவளுக்குத்தான் பிடிக்கும். வெண்ணெயும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் வைத்துக் கொடுத்தேன்.

ஜூன் 25, ஞாயிறு

பொரித்துவிட்டது! விடியலில் இங்குன் வந்து என்னை எழுப்பினாள். ஈரமாய், சாம்பல் நிறமாய், ஓட்மூன் சவரம் செய்யாத நாளில் இருப்பதுபோல இருந்தது. குட்னி பக்கத்திலேயே நின்றாள். நின்றாள் என்பதே பெரிய விஷயம். எங்கள் இரண்டு பேரையும் மண்டையில் அடித்தாள். பாத்திரம் ஒன்றுதான், அடி இரண்டு பேருக்கு.

இங்குன் ஊசிப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தாள். தாயின் நஞ்சு எவ்வளவு குஞ்சுக்கு வந்திருக்கிறது என்று ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிந்துவிடுமாம். பெட்டியைத் திறந்தாள், குஞ்சைப் பார்த்தாள், மூடிவிட்டாள்.

"எடுக்கலையா?" என்றேன்.

"எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். இன்னிக்கு அதுக்குப் பொறந்தநாள். விடு."



காலை உணவில் தலைவர் தன் முட்டையைத் தொட்டுப் பார்த்தார். "ஆறிப்போச்சு. என் சிவப்பு எங்க?"

"அதுமேலதான் குஞ்சு படுத்திருக்கு" என்றாள் இங்குன்.

ஹால்வார் ஜன்னல் வழியாகப் பாறையை எட்டிப் பார்த்தார். பிறகு ஆறிய முட்டையை உரித்துச் சாப்பிட்டார். அம்மாவுக்கு எழுதி இன்னும் நாலு பின்னச் சொல்கிறேன் என்றார்.