மகள் கைக்கு ஒரு கிட்டார்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். நீயும் மகளும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

அவளுக்கு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கக் கடைக்குப் போனேன். பெரிய வித்வான் போல ஒவ்வொன்றின் கழுத்தையும் பிடித்துப் பார்த்து, உருண்டு தடித்த ஒன்றை எடுத்தேன். வெல்டிங் வேலையில் காய்த்த என் கைக்கு அது கச்சிதம்.

கடைக்காரப் பெண் சிரித்தாள். "வாசிக்கப்போறது நீங்களாண்ணே?"

"என் பொண்ணும்மா."

"அப்ப அவ கைக்குத்தான் தடிப்பா, மெல்லிசான்னு பாக்கணும். கை எவ்வளவு பெருசு?"

நான் ஊரைவிட்டுக் கிளம்பியபோது என் விரலைப் பிடித்திருந்த கையின் அளவைக் காட்டினேன்.

"பாப்பா நடக்க ஆரம்பிச்சாச்சா?" என்றாள். பள்ளிக்கூடமே முடிக்கப்போகிறாள் என்று சொல்லாமல், கிட்டாரை இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அவள் கை அளவு உன் தம்பிக்குத் தெரிந்திருக்கும். தினமும் விரல் பிடித்து வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிற மகராசன்! எனக்கு வயிறு எரிகிறது. அவனிடம் கேட்காதே. மகள் கையைத் தாளில் விரித்துவைத்து, சுற்றிக் கோடு போட்டு அனுப்பு. பக்கத்தில் உன் கையையும் வரைந்துவிடு, தாள் வீணாக வேண்டாம்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன்காரர் ஹாரன் அடிக்கிறார்.

உன் வீட்டுக்காரன்