நில அதிர்வில் என்னைக் கூப்பிட்டவனுக்கு

அன்புள்ள அண்ணா,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ இருந்தவரை பேசவில்லை. நீ போய் வருஷம் திரும்பப் போகிறது, இனியாவது பேசுகிறேன். நம் சபையின் மாதப் பத்திரிகையில் நினைவுகூரும் பக்கத்துக்காக இதை எழுதுகிறேன்.

போன வாரம் ஆம்பூரில் மறுபடி நிலம் அதிர்ந்தது. சேதம் இல்லை. டம்ளர்கள் உரசின, காலண்டர் ஆடியது, அவ்வளவுதான்.

முதல் தடவை நினைவிருக்கிறதா? முற்றத்தின் குறுக்கே சுவர் எழுப்பி, கிணற்றை நீ உன் பக்கம் வைத்துக்கொண்ட பிறகு, நாம் முகம் பார்க்காத காலம். பின்தெருத் தோல் தொழிற்சாலையில் தோல் பதனிடும் ராட்சத டிரம் சுற்றினாலே நம் வீடு நடுங்கும்; பிறந்ததிலிருந்து பழகிய நடுக்கம். அன்றும் டிரம்மைத்தான் திட்டினேன். நம் காலடியில் இருப்பது பழைய கெட்டிப் பாறை, லேசில் அசையாது என்று வகுப்பில் சொல்லும் புவியியல் ஆசிரியர் நான்.

நீதான் தெருவிலிருந்து கத்தினாய். "இன்னாடா இன்னும் உள்ள குந்தினு இருக்க? ஞாயித்துக்கெழம எவன்டா டிரம் ஓட்டுவான்? பூமி ஆடுது வாத்தியாரே, வெளிய வா!"

வந்தேன். எதிர்வீட்டு பாய் சிரித்தார். நீ விடவில்லை. "இவன் பாடத்துல கண்டமே நகருதாம் பாய். இவன் மட்டும் நகர மாட்டான்."

அதன்பிறகும் நாம் பேசவில்லை.

வானிலை ஒரு நாள் சங்கதி. காலநிலை முப்பது வருஷச் சங்கதி. உன் கோபம் வானிலை, கொட்டி ஓய்ந்துவிடும். என்னுடையது காலநிலை. கிணற்றை நான் மறக்கவில்லை. நிலத்தடி நீர் சுவர் பார்த்தா ஓடுகிறது? தோல் கழிவு இறங்கி, இப்போது அந்தக் கிணற்றுத் தண்ணீரில் துணி துவைக்கக்கூட முடியாது, அவ்வளவு உப்பு. எதற்காக அடித்துக்கொண்டோம் அண்ணா?

போன வாரம் ஆடியது டிரம் இல்லை, நிலம்தான் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. இருந்தும் எழவில்லை. யாராவது கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். தெருவில் அவரவர் தத்தம் வீட்டாரைக் கூப்பிட்டார்கள். "எல்லாரும் வந்துட்டீங்களா?" என்று பாய் கேட்டார். "வந்தாச்சு பாய், வந்தாச்சு" என்று பல குரல்கள். அவற்றில் அண்ணியின் குரலும் இருந்ததா?

அண்ணி வீட்டில் உன் பாதியை விற்றுவிட்டு ஓசூரில் மகளோடு இருக்கப் போகிறாராம். தரகர் வந்து பார்த்துவிட்டுப் போனார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பாத்திரம் கழுவும் சத்தம்தான் என் வீட்டில் கேட்கும் ஒரே மனித ஓசை. போகாதீர்கள் என்று நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இந்தப் பத்திரிகையை அவர் ஒரு வரி விடாமல் படிப்பார்.

அவர் இங்கேயே இருந்தால், தினமும் காலையில் நானாகவே கதவைத் தட்டி நலம் விசாரிப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

எழுதியது யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும். ஆனால் நானே பெயரைப் போட்டால், உன்னை மன்னித்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டதாக ஆகிவிடும். மன்னிக்கவில்லை. அதனால் பெயர் இல்லாமலேயே தபாலில் போடுகிறேன்.

உன் தம்பி