அப்பா செத்துப்போகும் காட்சி

ஜூன் 10, செவ்வாய்

வெயில். காலை ஏழு மணிக்கே மாடிப்படியில் கால் வைக்க முடியவில்லை. வேலைக்கு இருபது நிமிடம் லேட்.

தம்பி செந்தில் சென்னையிலிருந்து வந்தது லீவுக்கு என்று நினைத்திருந்தேன். இல்லையாம். வேலையை விட்டு நாலு மாதம் ஆகிறதாம். சினிமா எடுக்கப் போகிறானாம். இங்கே, நம் வீட்டிலேயே. இனிமேல் அவனை செ. என்றுதான் எழுதப் போகிறேன். முழுப் பேர் எழுத மனசு வரவில்லை.

கதை கேட்டேன். ஒரு கிழவர், சொத்துக்காரர். மகள், மச்சினன், பங்காளி மூன்று பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், ஒரே நாளில், அவர் காபியில் விஷம் வைக்கிறார்கள். செத்த பிறகு பிணத்தைப் பீங்கான் சூளையில் வைத்து எரித்துவிடலாம் என்று பார்த்தால், சூளை சூடேறுவதற்குள் சொந்தக்காரர்கள் எல்லாம் மாலையோடு வந்துவிடுகிறார்கள். சிரிப்புப் படமாம். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று கேட்டேன். "எல்லா எடத்துலயும்தான்க்கா" என்றான்.

கிழவர் அப்பாவாம். விஷம் வைக்கிற மகள் நானாம். அப்பா ஒத்துக்கொண்டார் என்பதைத்தான் நம்ப முடியவில்லை. எழுபத்துமூன்று வயசு. கல்யாண வீட்டு வீடியோவுக்கே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர். செ.யிடம் இரண்டே கேள்வி கேட்டாராம். எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும்? சாவுக்கு யார் யார் வருவார்கள்?

ஜூன் 12, வியாழன்

பீங்கான் யூனிட்டில் பிள்ளையார் பொம்மை முந்நூறு. நாள் முழுக்கத் தும்பிக்கை ஒட்டினேன்.

செ. கேட்டுவரச் சொன்னதைச் சூளை பார்க்கிற ராஜி அண்ணனிடம் கேட்டேன். "ஏண்ணே, ஒரு ஆள உள்ள வச்சா எவ்ளோ நேரத்துல..." கேட்டு முடிக்கவில்லை. "ஏம்மா, வூட்டுக்காரரு அபுதாபிலேந்து வந்துட்டாரா?" என்றார். சினிமாவுக்கு என்று சொன்னேன். தலையை ஆட்டினார். நம்பின மாதிரி தெரியவில்லை.

சாயந்திரம் விஷக் காபி காட்சி. எட்டு டேக். அப்பா எட்டு டம்ளரையும் முழுசாகக் குடித்தார். குடிக்கிற மாதிரி காட்டினால் போதும் என்றால், "பாலு வீணாவுதுல்ல" என்கிறார். ஆறாவதில் சர்க்கரை குறைச்சல் என்று புகார் வேறு.

கதையில் கிழவருக்கு ஒரு தங்கச்சி உண்டு. அதற்கு நல்லூரிலிருந்து ஒரு நாடகக்கார அம்மாவை செ. கூட்டி வந்திருந்தான். அப்பா அந்த அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். "இவங்க வேணாம்" என்றார்.

ஏன் என்று எனக்குத் தெரியும். திட்டக்குடி அத்தை. அப்பாவுக்குக் கூடப் பிறந்தது அவர் ஒருவர்தான். பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை. அத்தை மகள் கல்யாணத்தில் தாய்மாமன் மாலை போடுகிற நேரத்துக்கு அப்பாவைக் கூப்பிடவில்லை, அத்தையின் கொழுந்தனை நிறுத்திப் போட வைத்துவிட்டார்கள். தேடினோம், ஆளைக் காணோம் என்பது அவர்கள் கட்சி. மண்டப வாசலில்தான் நின்றேன், யாரும் கூப்பிடவில்லை என்பது இவர் கட்சி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு வளைகாப்பு, ஒரு காதுகுத்து. முறையாக வந்து அழைத்தால்தான் போவேன் என்று இவர். முதலில் அண்ணன் வந்து பேசட்டும் என்று அவர். அப்பா வாயால் அத்தை பேரைக் கேட்டே வருஷக்கணக்கு ஆகிறது. ஆனால் டிவியில் திட்டக்குடிப் பக்கம் மழை என்றால் சத்தத்தைக் கூட்டி வைக்கிறார்.

ஜூன் 13, வெள்ளி

ஷூட்டிங் இல்லை. என் நீல நைட்டியைக் காணோம். தேடிப் பார்த்தால் செ. கேமராவுக்கு வெயில் படாமல் போர்த்தி வைத்திருக்கிறான்.

அவர் போன் செய்தார், அபுதாபியிலிருந்து. மாமனாருக்கு விஷம் வைக்கிறேன் என்று விவரம் சொன்னேன். "லீவுக்கு வந்தா நான் கடையிலயே டீ குடிச்சிக்கிறேன்" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னாரா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 14, சனி

நாளைக்குச் சாவுக் காட்சி. வாங்க வேண்டியது: சாமந்தி மாலை 6. ஊதுவத்தி. வெள்ளைத் துணி 2 மீட்டர். நெற்றிக்கு ஒரு ரூபாய்க் காசு. எனக்குத் தலைவலி மாத்திரை.

வாசலில் வைக்கக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் ஒன்று வேண்டும், ஏதாவது கற்பனைப் பேர் போட்டு, என்றான் செ. அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். இந்த வெயிலில் நீங்கள் ஏன் அலைய வேண்டும் என்றேன். "போட்டோவுல நான்தான இருக்கப் போறேன்" என்றார். மூன்று மணிக்குப் போனவர் ஆறரைக்கு வந்தார். ஆள் ஒரு மாதிரி இருந்தார். சந்தோஷமா, பயமா, சொல்லத் தெரியவில்லை. இரண்டு இட்லி அதிகமாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஃப்ளெக்ஸைப் பிரித்துப் பார்த்தால் சொந்தப் பேர், சொந்தத் தெரு, தோற்றம், மறைவு எல்லாம் அச்சாக. மறைவுக்கு இன்றைய தேதி. "சூப்பரா இருக்குதுப்பா" என்று செ. அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனான். இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் பயம் வருகிறதா?

ஜூன் 15, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன், அப்படியாவது புரிகிறதா என்று.

காலை ஆறரை. சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, தெருக்காரர்கள் பத்துப் பேர் நடிக்க. சத்தம் வரக் கூடாது என்று செ. எல்லார் போனையும் ஒரு பக்கெட்டில் வாங்கி வைத்தான். அப்பாவைக் கூடத்தில் பெஞ்சு மேல் படுக்க வைத்து, தாடைக்கு ஒரு கட்டு, கால் கட்டைவிரலுக்கு ஒரு கட்டு. மூக்கில் பஞ்சு மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்.

ஏழரை. ராஜி அண்ணன் மாலையோடு வந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டடி தள்ளி நின்றார். "எப்படிம்மா திடீர்னு?" என்று கேட்டவர் என் கையிலிருந்த காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கண்ணைத் திறந்து, கட்டு போட்ட வாயோடு "ஒக்காரு ராஜி" என்றார். மனிதருக்குத் தண்ணீர் தெளித்து உட்கார வைக்க வேண்டியதாயிற்று. பஸ் ஸ்டாண்டில் போர்டைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். எந்த போர்டு என்று கேட்பதற்குள் ஷாட் ரெடி என்று செ. கத்தினான்.

பத்து மணி. நான் பொய்யாக அழ வேண்டிய காட்சி. தெரு முனையிலிருந்து ஒரு குரல் வந்தது. அத்தை. தலை அவிழ்ந்து, செருப்பில்லாமல், கையில் ஒரு மாலையும் கோடி வேட்டியும். பதினோரு வருஷத்தில் எவ்வளவு சிறுத்துப்போய்விட்டார். நடிக்க வந்தவர்கள் வழிவிட்டார்கள். கூட்டத்தில் நிற்க வந்திருந்த நல்லூர் நாடகக்கார அம்மா என் காதில், "யாருங்க இவங்க, நல்லா பண்றாங்களே" என்றார்.

நான் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். இது சினிமா அத்தே, அப்பா நல்லாத்தான் இருக்காரு. அவ்வளவுதான். வாய் வரவில்லை. செ.யும் கட் சொல்லவில்லை. அத்தையை அவனுக்கு அடையாளம் தெரிந்தது, அவன் முகத்தைப் பார்த்தேன். படுபாவி, கேமராவை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனான்.

அத்தை அப்பா நெஞ்சில் விழுந்தார். "எங்கூடப் பொறந்த பொறப்பே... ஒரு வார்த்த பேசாம போயிட்டியே அண்ணே... மாலைய கையில வச்சிக்கிட்டு மண்டபம் பூரா ஒன்னத் தேடினேனே... ஐயரு நேரமாவுதுன்னு திட்டினாரே, எங்கண்ணன் வரட்டும் வரட்டும்னு நின்னேனே... ஒரு தடவ வந்து ஏண்டின்னு கேட்டிருக்கக் கூடாதா..."

அப்பாவின் மூடின கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. செ. கிசுகிசுத்தான்: "அப்பா, பொணம் அழக் கூடாது."

அத்தைக்குக் கேட்டுவிட்டது. அழுகை நின்றது. அப்பா கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தார். அப்பா கண்ணைத் திறந்து ஏதோ சொல்ல வந்தார், தாடைக் கட்டில் சொல் மாட்டிக்கொண்டது. பளார் என்று ஒரு அறை. நெற்றிக் காசு உருண்டு பீரோ அடியில் போனது.

"நீ நெசமா சாவுறப்ப நான் வர மாட்டேன். ஒனக்கு அழ வேண்டியத இன்னிக்கே அழுதுட்டேன்" என்றார் அத்தை.

தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. கிளம்பும்போது போயிட்டு வரேன் என்றும் சொல்லவில்லை. சாவு வீட்டில் அப்படிச் சொல்ல மாட்டார்கள், சரி. ஆனால் இது சாவு வீடு இல்லையே. பழக்கத்தில் சொல்லாமல் போனாரா, இனி வரப்போவதில்லை என்று சொல்லாமல் போனாரா?

பக்கெட்டில் என் போனில் முப்பத்தோரு மிஸ்டு கால். பதினேழு அபுதாபியிலிருந்து.

ஜூன் 16, திங்கள்

லீவு போட்டேன். நேராக ஃப்ளெக்ஸ் கடை. வாசலுக்குக் கேட்டதை பஸ் ஸ்டாண்டில் எதற்குக் கட்டினீர்கள் என்று சண்டைக்குப் போனேன். "அஞ்சலி போர்டுன்னா கட்டுறதும் சேத்துதான்மா. வாங்கி மடிச்சி பீரோவுல வப்பாங்களா?" என்றார் கடைக்காரர். "ரெண்டு அடிக்கச் சொன்னது பெரியவருதான். எடமும் அவருதான் காட்டினாரு. திட்டக்குடி பஸ்ஸு நிக்கிற எடத்துக்கு நேரா."

அந்த பஸ்ஸில் கண்டக்டர் அத்தை மகன். காலை முதல் ட்ரிப்.

கட்டை அவிழ்த்துச் சுருட்டி எடுத்து வந்தேன். ஆட்டோக்காரர் என்னையும் அப்பா படத்தையும் பார்த்துவிட்டு வாடகை வேண்டாம் என்றார். அவரிடம் எதைச் சொல்ல.

அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் கட்டச் சொன்னீங்களா?"

"நல்லதுன்னா வெத்தல பாக்கு வச்சிக் கூப்புடணும். நான் போ மாட்டேன். அவளும் வர மாட்டா. கெட்டதுக்கு யாரும் யாரையும் கூப்புட வேண்டியதில்ல. காதுல விழுந்தா வந்துதான் ஆவணும்."

"அதுக்குன்னு சாவீங்களாப்பா?"

"வந்தாளா இல்லியா?"

கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. வந்தார், சரி. இனிமேல்? நிஜமாக இவர் போகிற அன்றைக்கு அத்தை வராமல் இருந்துவிட்டால்? நான் தனியாக நிற்க வேண்டும். இருந்த ஒரே வழியையும் இந்த மனிதர் ஒரு சினிமாவுக்காகச் செலவழித்துவிட்டார். இதைச் சொன்னேன். காதில் வாங்கவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டே, "மண்டபம் பூரா தேடினாளாமே" என்றார்.

ஜூன் 19, வியாழன்

செ. எடிட்டிங்குக்குச் சென்னை கிளம்பினான். கிளம்புவதற்கு முன் அப்பா அவனிடம் கேட்டு, அத்தை அழுத காட்சியைத் தன் போனில் ஏற்றி வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் சாப்பிட்டதும் போடுகிறார். டீ குடித்ததும் போடுகிறார். அடுப்படி வரைக்கும் எங்கூடப் பொறந்த பொறப்பே. அறை விழுகிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து. எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மா ஜன்னல் வழியாக, "யாரு தவறிட்டாங்க?" என்று கேட்டார். எங்க அப்பா என்றேன், பழக்க தோஷம். அவர் அப்போது வாசலில் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

தன் சாவுக்குத் தானே ஒப்பாரி கேட்கிற மனிதரை என்ன செய்வது? டாக்டரிடம் காட்டுவதா, விட்டுவிடுவதா? ஒன்று மட்டும் நிச்சயம், பதினோரு வருஷத்தில் இந்த மாதிரி நேரத்துக்கு அவர் சாப்பிட்டதில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மூட்டம். மழை இல்லை. இட்லிக்கு ஊறப்போட்டுக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பர். அத்தை.

"மலரு, அவன் அதையே போட்டுப் போட்டுக் கேக்குறானாமே. செந்திலு எம்மவங்கிட்ட சொன்னானாம். உசுரோட இருக்கிறவனுக்கு வூட்டுக்குள்ள ஒப்பாரி ஓடக் கூடாதுடி. ஆவாது. போயிட்டியே போயிட்டியேன்னு நான் வேற எத்தனி தடவ சொல்லித் தொலச்சிருக்கேன். அன்னிலேந்து தூக்கம் இல்ல எனக்கு. அத மொதல்ல அழிச்சுடு."

குரல் உடைந்தது. நிஜமாகவே பயந்துபோயிருக்கிறார். லைனைப் பிடித்துக்கொண்டே கூடத்துக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன்.

"ஆவாதுன்னாளா?"

"ஆமாப்பா."

"பயந்துட்டாளா?"

"தூக்கமே இல்லியாம். குடுங்க, அழிச்சுடறேன்."

தன் போனை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். "அவளையே வந்து அழிக்கச் சொல்லு."

அப்படியே அத்தையிடம் சொன்னேன். அந்தப் பக்கம் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அத்தை சொன்னார்: "எனக்கு அந்தப் போனெல்லாம் அழிக்கத் தெரியாதேடி."