ஒச்சப்பனின் கோப்பு

மட்டாஞ்சேரி
12.9.1986

அன்பு மாயம்மாளுக்கு,

நான் சுகம். உனக்குக் காய்ச்சல் விட்டதா?

எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர், தொண்ணூறு நாள் யாரும் திறக்காத கோப்புகளைத் தானாகவே டேப்புக்கு மாற்றிவிடும். டிஸ்கைவிட டேப் விலை மலிவு. நேற்று அப்படிப் போனவற்றில், காமாலையில் இறந்த என் அறைத்தோழன் ஒச்சப்பனின் பணிக் கோப்பும் இருந்தது.

திருப்பி எடுக்கலாமா என்று மேலாளர் குரியன் சாரிடம் கேட்டேன்.

"எந்தினாடோ? இனி அது ஆரு நோக்கானா?" எதற்கு, இனி அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்கிறார்.

"நான் பார்ப்பேன், சார்."

அவர் டேப்பை எடுத்துத் தந்தார். கோப்பில் பெயர், ஊர், வேலைக்குச் சேர்ந்த தேதி, அவ்வளவுதான் இருந்தது. இரண்டு தடவை படித்தேன்.

நீ கவலைப்படாதே, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். பருப்புப்பொடி அனுப்பு, உன் போட்டோ ஒன்றும் வை. கடிதத்தைக் கொஞ்சம் நீளமாக எழுது. அறையில் இப்போது நான் மட்டும்தான்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உன்
செல்லப்பா